மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

மறுபடியும் இடது பக்கமே விழுந்தார் ராசையா.

வாடகை சைக்கிள் கடை வேலப்பன் ஓடி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். ஹாண்டில் பாரை நேராக்கினான். மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்தான். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமான பிறகுதான் தரையில் கிடந்தவரைக் கவனித்தான்.

"இன்னா நைனா, எப்பப் பாத்தாலும் அந்தாண்டையே வுழுந்துகினு கீறே? இந்தாண்டையும் தரை கீது நைனா."

"பிடிச்சுக்கிடுதேன்னு சொன்னியேடே! எதுக்கு கைய விட்ட?"

"வுடாம புட்சிகினே வந்தா நீ எப்போ ஓட்டக் கத்துக்கறது? எண்ணூர் வரிக்கும் நானும் உன் பின்னாலயே ஓடி வர்றதா?"

எண்ணூர் என்ற பெயர் காதில் விழுந்ததும் ராசையா சட்டென்று எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தார். ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பொட்டல் மைதானத்தில் இரண்டு ஆடுகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"மெல்லப் பேசுடே," என்றார்.

ராயபுரம் மார்க்கெட்டுக்கு எதிரில் கருப்பட்டியும் புளியும் மொத்த வியாபாரம் செய்யும் ராசையாவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, கடை, வீடு, தொந்தி என்று வரிசையாகச் சம்பாதித்தவர். போதாக்குறைக்கு அவர் போகும் கிறிஸ்தவ சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குப் பொருளாளர் வேறு. சர்க்கார் மதுவிலக்குக் கொண்டு வந்ததே தம்முடைய சங்கத்துக்குப் பயந்துதான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். குடிக்கிறவர்கள் யாரும் அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லையாதலால் அவருடைய பேச்சு நன்றாகவே எடுபட்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர் சித்திரை வெயிலில், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, முழங்கையில் சிராய்ப்போடு நின்றதற்குக் காரணம் அவருடைய மகள் ரோஸ்மேரிக்கு வந்திருந்த வரன்.

வரனைக் கொண்டு வந்தவள் தேவகிருபை அம்மாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவளுடைய ஊழியம். வாசித்துக்கொண்டே அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறதா, பிள்ளை இருக்கிறானா என்று பார்த்து வைத்துக்கொள்வதும் அந்த ஊழியத்தில் சேர்த்தி. திருவொற்றியூர் மரக்கடை தவசிமுத்துவின் மகன் தேவப்பிரியம். துறைமுக ஆபீசில் குமாஸ்தா. ஒரு கல்யாண வீட்டில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்தும் ஆயிற்று. அதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளைகளில் ஒருவனுக்குக் காது பெரிசு என்றும், இன்னொருவன் மூக்கால் பேசுகிறான் என்றும் தள்ளிவிட்ட ரோஸ்மேரி, இந்தப் பையனைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அப்பா இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் அடுப்பங்கரையில் கீர்த்தனைச் சத்தம் ஓயவில்லை. பெற்றவருக்கு அது போதாதா?

எல்லாம் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. புளி வாங்க வந்த திருவொற்றியூர் வியாபாரி ஒருவர் வாயைத் திறந்ததும் கெட்டது.

"தவசிமுத்து மகனா? தங்கமான பையன். ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் சைக்கிள எடுத்துட்டு எண்ணூருக்குப் போயிருவான். இருட்டுததுக்குள்ள வந்துருவான். அது ஒண்ணுதான்."

அது ஒன்றுதான்! மதுவிலக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போகிறவனைப் பார்த்து எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே கடற்காற்று இலவசம், சாராயம் சல்லிசு. ராசையாவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தப் பையன்கிட்டயே கேட்டுப் பாத்தா என்ன?" என்றாள் அவர் மனைவி செல்லக்கனி.

"ஏட்டி, மாப்பிள்ளைகிட்டயே கேட்டா அதுக்குப் பேரு விசாரிக்கிறதா?"

அவர் சொன்னதும் நியாயந்தான். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது என்றால் மாப்பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்பது என்றுதான் அவர்கள் வழக்கத்தில் அர்த்தம். ஆனால் இந்தச் சமாச்சாரத்தில் மற்றவர்களிடமும் கேட்க முடியவில்லை. ராசையாவுக்குச் சந்தேகம் என்று வெளியே தெரிந்தால், பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிற வேறு நாலு பேர் அன்று சாயங்காலமே பலகாரத் தட்டோடு தவசிமுத்து வீட்டு வாசலில் நிற்பார்கள். ஆகவே தாமே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார். முதல் வாரம் பஸ்ஸில் போனார். பஸ் ஊருக்குள் நின்றுவிட்டது. பையனுடைய சைக்கிள் கால்வாய்க் கரையோடு போய்விட்டது. அதனால்தான் இந்த வயதில் சைக்கிள் வித்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலில் கடைசிப் பாட்டுக்கு முன்பே நழுவி, துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி முகத்தையும் பாதி மறைத்துக்கொண்டு, திருவொற்றியூர் தேரடியில் போய்க் காத்திருந்தார். முகம் மறைந்தது உண்மை. தொந்தியை மறைக்கிற அளவுக்குத் துண்டு எந்தக் கடையிலும் விற்கவில்லை.

தேவப்பிரியம் வந்தான். அரைக்கால் சட்டை, கான்வாஸ் பூட்ஸ், தோளில் ஒரு பை. சீட்டியடித்துக்கொண்டு போனான். ராசையா பின்தொடர்ந்தார். அவருக்குச் சைக்கிளில் ஏற ஒரு கல் வேண்டும், இறங்க மணல் வேண்டும். நடுவில் நிறுத்தத் தெரியாது. கத்திவாக்கம் வரையில் எதிரே வந்த மாட்டு வண்டிகள் எல்லாம் அவருக்கு வழிவிட்டன. எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் வந்ததும் இடது பக்கம் இறங்கினார். எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது பையனைக் காணவில்லை.

தோணித்துறை ஓரத்தில் பச்சையம்மா என்பவள் சுட்ட கருவாடும் வேர்க்கடலையும் விற்றுக்கொண்டிருந்தாள். பையனைப் பற்றி இவளிடம் கேட்டால் வம்பு. ராசையா ஒரு யுக்தி செய்தார். பையன் போகிற இடத்தைக் கேட்டுவிட்டால் போகிறது.

"ஏம்மா, இங்க... அது எங்க கிடைக்கும்?"

பச்சையம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மொதோ தபாவா நைனா? தோ, அந்த சவுக்குத் தோப்பாண்ட போ. கிஸ்ணப்பன்னு கேளு. பச்சையம்மா அனுப்ச்சான்னு சொல்லு. அப்பால வந்து கருவாடு என்கிட்டதான் வாங்கணும், ஆமா."

தோப்புக்குள் கிருஷ்ணப்பன் மணலில் கழுத்துவரை புதைத்த பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். ராசையா ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

"இன்னா நைனா, சும்மா நிக்கறே? இங்க சும்மா நிக்கறவன் போலீஸ்காரன் மட்டுந்தான்."

வேறு வழியில்லாமல் ஒரு கொட்டாங்கச்சி சாராயம் வாங்கினார். மரத்துப் பின்னால் கொண்டுபோய் வேரில் ஊற்றினார். அவசரத்தில் பாதி வேட்டியில் போயிற்று. காலிக் கொட்டாங்கச்சியோடு அவர் நிமிர்ந்த சமயத்தில் தோப்பு வாசலில் தேவப்பிரியம் வந்து சைக்கிளை நிறுத்தினான்.

பையன் ஒரு காலைத் தரையில் ஊன்றி உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தான். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, பேய் துரத்துகிற வேகத்தில் மிதித்துப் போய்விட்டான்.

ராசையாவின் கண்கள் கலங்கிவிட்டன. பாவத்தின் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போகிற பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பான்! அவர் அந்தச் சந்தோஷத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

செல்லக்கனி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது, குடலப் பிடுங்குது?"

"வேட்டிதான் குடிச்சிருக்கு. நான் குடிக்கல."

"அதான் பையன் நல்லவன்னு தெரிஞ்சு போச்சுல்லா? பேசி முடிச்சிருங்க."

அத்தோடு முடித்திருந்தால் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ராசையா வியாபாரி. முதல் மூட்டையில் கம்பி குத்திப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பதற்காக மொத்தச் சரக்கையும் இறக்குகிறவர் அல்லர். எல்லா மூட்டையிலும் குத்திப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தோப்புக்குள் வராதவன் வேறு இடத்துக்குப் போகமாட்டான் என்று என்ன நிச்சயம்?

பச்சையம்மாவைக் கேட்டார். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய சுண்ணாம்புக் காளவாய் ஒன்று, உப்பளத்தில் குடிசை ஒன்று, அத்திப்பட்டுப் போகிற வழியில் பனங்காட்டில் ஒன்று.

"கிஸ்ணப்பன் சரக்கு ஒத்துக்கலையா நைனா?"

"வயிறு சரியில்ல," என்றார் ராசையா.

அந்தக் கோடை முழுவதும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இல்லை. பையன் கிளம்புவதற்கு முன்பே தாம் கிளம்பி, தோப்பையும் சேர்த்துச் சுற்று முறையில் ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு இடமாக முன்கூட்டியே போய், கொட்டாங்கச்சியும் கையுமாக நின்றார். காளவாய்க்குப் பையன் வந்தான், எட்டிப் பார்த்தான், ஓடினான். உப்பளத்துக் குடிசைக்கு வந்தான், பார்த்தான், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டே வரப்பில் ஓடினான். பனங்காட்டில் தூரத்திலிருந்தே திரும்பிவிட்டான். ஒவ்வொரு தடவையும் ராசையாவுக்கு நெஞ்சு விம்மியது.

திரும்பிய பிறகு பையன் என்ன செய்கிறான் என்றும் பார்க்க வேண்டுமே! சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு ராசையா நடந்தே பின்னால் போனார். உப்பளத்து வரப்புகளில் ஒரு கால் வைக்கத்தான் இடம். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். வெயில் மேலேயிருந்து ஒரு தரமும் தண்ணீரிலிருந்து இன்னொரு தரமும் சுட்டது. பையன் தூரத்தில், கால்வாய்க் கரையோடு, தலையைக் குனிந்து நடந்துகொண்டேயிருந்தான். சில சமயம் உட்கார்ந்து நாரைகளைப் பார்த்தான். சில சமயம் பெருமூச்சு விட்டான்.

"இயற்கையில அப்பிடி ஒரு ஈடுபாடு," என்றார் ராசையா வீட்டில், உரிந்த மூக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே. "கோட்டான்குப்பம் வரைக்கும் நடக்கான். சும்மா நடக்கான்! ஒண்ணும் வாங்கல, ஒண்ணும் குடிக்கல. பைய வெறும் பையாவே கொண்டு போயி வெறும் பையாவே கொண்டு வாறான்."

"நீங்க?" என்றாள் செல்லக்கனி.

அவர் நீலகிரித் தைலத்தை எடுத்து வேட்டியில் தெளித்தார். வாராவாரம் தெளித்ததில் சாராய வாசனை போகவில்லை. தைல வாசனையும் சேர்ந்துகொண்டது. டாக்டர் உடம்பு இளைக்கச் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லி வைத்தார். அவர்களும் தலையை ஆட்டிவிட்டு, அவர் போன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வைகாசி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்வாய்க் கரையில் ஒரு போலீஸ்காரர் காலடியில் போய் விழுந்தார். எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

போலீஸ்காரர் குனிந்து மோப்பம் பிடித்தார். "எங்கேர்ந்து வர்றே? ஊது பாக்கலாம்."

"ஐயா, நான் குடிக்கிறவன் இல்ல. மதுவிலக்குச் சங்கத்துப் பொருளாளர்."

"நேத்து ஒருத்தன் பஜனை கோஷ்டித் தலைவன்னான். இங்க இன்னா வேலை உனக்கு?"

ராசையாவுக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "பிரசாரத்துக்கு வந்தேன்."

"அப்படியா? பண்ணு. நானும் கேக்கறேன்."

போலீஸ்காரர் அவரைத் தோணித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் மேல் ஏற்றிவிட்டார். ராசையா குடியின் கேட்டைப் பற்றி ஈரலில் ஆரம்பித்து நரகம் வரையில் பேசினார். உயிருக்குப் பயந்து பேசியதால் அவர் ஆயுசில் பேசிய பேச்சுக்களில் அதுதான் சிறந்த பேச்சு. தோப்பு, காளவாய், உப்பளம், பனங்காடு என்று எல்லா இடத்து ஆட்களும் கூட்டத்தில் நின்று, முன் வாரம் வரை தங்களிடம் வாங்கிய மனிதரை வாய் பிளந்து பார்த்தார்கள். போலீஸ்காரர் கடைசியில் கைதட்டி அனுப்பி வைத்தார்.

மறு வாரம் அவர் தோப்புப் பக்கம் வந்ததும் கிருஷ்ணப்பன் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டான். பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"நைனா, நீ யாரு?"

"ஏன்டே?"

"வாராவாரம் வர்றே. வாங்கறே. நீ குடிச்சி ஒருத்தரும் பாத்தது இல்ல. போன வாரம் போலீஸ்காரனோட தோஸ்தா நின்னுகினு பேசறே. தோ பாரு, நீ நிக்கற மரம் மட்டும் வாடிப் போய் கீது. அத்த இன்னான்னு சொல்றது?"

ராசையா மரத்தைப் பார்த்தார். உண்மையாகவே வாடியிருந்தது.

"நீ நம்ம ஆளுன்னா எங்க கண்ணு முன்னால குடி. இல்லாங்காட்டி பேஜாராப் பூடும்."

கொட்டாங்கச்சி மூக்குக்கு நேரே வந்தது. ராசையா ரோஸ்மேரியை நினைத்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு சுற்று பாக்கி. அதையும் பார்த்துவிட்டால் பிள்ளையின் வாழ்வு நிச்சயம். பெண்ணைப் பெற்றவன் எதைத்தான் சகிக்கவில்லை? கண்ணை மூடி, ஜெபம் பண்ணி, ஒரே மடக்கில் குடித்தார். தொண்டையில் ஆரம்பித்த நெருப்பு முழங்கால் வரைக்கும் போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். கிருஷ்ணப்பன் அவர் தோளில் தட்டினான்.

இரண்டாவது கொட்டாங்கச்சிக்கு யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

அவர் மூன்றாவதைக் கையில் வாங்கியபோது, தோப்புக்கு வெளியே கரைமேட்டில் தேவப்பிரியம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. உள்ளே ஒரு தரம் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். "பாத்தியளா, அதான் என் மருமகன்! தங்கம்! அசல் தங்கம்!" என்று ராசையா கிருஷ்ணப்பனைக் கட்டிக்கொண்டு அழுதார். கிருஷ்ணப்பனும் காரணம் தெரியாமல் கொஞ்சம் அழுதான். அன்று வீடு திரும்புகையில் ராசையா முதல் முதலாக வலது பக்கம் விழுந்தார்.

"போட்டுக்கினு ஓட்டாதே நைனா," என்றான் வேலப்பன், சைக்கிளை வாங்கி வைத்துக்கொண்டே. "ஒண்ணு அது, இல்ல இது. ரெண்டையும் சேத்து ஓட்டினா சைக்கிளு தாங்காது."

வேலப்பன் இதை ரகசியமாகத்தான் சொன்னான். அவனுடைய ரகசியக் குரல் ரயிலடி வரை கேட்கும். அடுத்த ஞாயிறு கோயிலில் ராசையாவுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சில் தாராளமாக இடம் கிடைத்தது. புளி வியாபாரிகள் அவரிடம் பேசும்போது ஓர் அடி தள்ளி நின்றார்கள். ரோஸ்மேரி அடுப்பங்கரையில் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

"ஊரு பூரா பேசுது," என்றாள் செல்லக்கனி. அவள் கண்கள் சிவந்திருந்தன. "நாளைக்கு இது திருவொத்தியூருக்குப் போகாதா? குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுப்பாவளா? பையனச் சோதிக்கப் போறேன்னு சொல்லிப் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியளே!"

ராசையாவுக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது அத்தனையும் சரி என்று அவருக்கே தெரிந்தது. மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும், பிறர் சொல்லித் தெரிவதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் மரியாதை மிஞ்சும் என்று ஒரு யோசனை தோன்றியது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அந்த வாரம்தான் இருந்தது. கோடை முழுவதும் அவருக்கு வந்த யோசனைகளில் கடைசி யோசனை அது.

மேடையேறினார். "இந்தக் கோடை பூராவும் நான் எண்ணூர்ப் பக்கம் போனது வாஸ்தவம். எதுக்குப் போனேன்? குடியின் கோட்டைக்குள்ளேயே போய் ஆராய்ச்சி பண்ணப் போனேன்!" என்று முழங்கினார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அங்கே நான் ஒரு வாலிபனைக் கண்டேன். தோப்பு வாசலுக்கு வந்தான், திரும்பிப் போனான். காளவாய்க்கு வந்தான், திரும்பிப் போனான். உப்பளத்துக்கு வந்தான், ஓடியே போனான்! சோதனையின் வாசலில் நின்று சோதனையை ஜெயித்த அந்தப் பிள்ளை யார்? திருவொற்றியூர் தவசிமுத்து அவர்கள் மகன் தேவப்பிரியம்! அவரை நமது சங்கத்தின் வாலிபர் பகுதிக் காரியதரிசியாக நான் பிரேரேபிக்கிறேன். அவரே எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவும் வரப்போகிறார் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்!"

பெரிய கைதட்டல். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, அந்த இடங்களுக்கு வழி பொருளாளருக்கு இவ்வளவு விவரமாக எப்படித் தெரிந்தது என்று கேட்டார். தலைவர் அவசரமாக முடிவு ஜெபத்துக்கு எழுந்து நின்றுவிட்டார்.

இனி பின்வாங்க வழியில்லை. பிள்ளை வீட்டார் இன்னும் பதில் சொல்லாத நிலையில், மேடையிலேயே சம்பந்தத்தை அறிவித்தும் ஆகிவிட்டது. மறுநாள் காலையிலேயே தேவகிருபை அம்மாளைத் திருவொற்றியூருக்கு அனுப்பினார். கடையைத் திறக்கவில்லை. செல்லக்கனி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். ரோஸ்மேரி கதவுக்குப் பின்னால் நின்றது அவளுடைய நிழலிலிருந்து தெரிந்தது.

தேவகிருபை அம்மாள் மத்தியானத்துக்கு மேல் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எல்லாத்தையும் கேள்விப்பட்டிருக்காவ, அண்ணாச்சி."

ராசையா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம்னா?"

"நீங்க தோப்புல நின்னது, காளவாயில நின்னது, கிருஷ்ணப்பனக் கட்டிப்பிடிச்சு அழுதது, எல்லாம். பையனே வாராவாரம் ஒங்களப் பாத்திருக்கான். துண்டு கட்டியிருந்தியளாம், ஆனா தூரத்துலயே அடையாளம் தெரிஞ்சுட்டாம்."

செல்லக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இவ்வளவு அலைந்து, இவ்வளவு விழுந்து, பெண்ணின் கல்யாணத்தைத் தம் கையாலேயே குழியில் தள்ளியாயிற்று.

"அவிய கால்ல வேணும்னாலும் விழுதேன், தேவகிருபைம்மா. நான் செஞ்ச தப்புக்குப் பிள்ளையத் தண்டிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"எதுக்கு விழணும்? கல்யாணத்துக்குப் பூரண சம்மதம்னு சொல்லிட்டாவ. வார வியாழக்கெழம நிச்சயம் பண்ண வாறாவ."

ராசையா விழித்தார். "சம்மதமா? இவ்வளவும் கேட்டப்புறமுமா?"

தேவகிருபை அம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, சொல்லி அனுப்பிய சேதியைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்: "'எனக்குச் சரக்கு வாங்கப் போற பய, போற எடத்துலெல்லாம் மாமனாரு நிக்காருன்னு பயந்து, வரப்பு வரப்பா சுத்திட்டு வாராவாரம் வெறும் பையோட வந்து நின்னான், கோடை பூராவும் எனக்கு நாக்கு வறண்டு போச்சு, சம்பந்தியும் நம்ம ஆளுதான்னு தெரிஞ்சதே சந்தோஷம், நிச்சயத்துக்கு வரும்போது கிருஷ்ணப்பன்கிட்ட ரெண்டு பாட்டில் வாங்கி வைக்கச் சொல்லுங்க'ன்னு தவசிமுத்து அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ."